மாணவர்கள் தரும் பரிசை ஏற்பதும் நன்றி சொல்வதும்: பியானோ ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பியானோ வகுப்பு பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் என்றுதான் நடக்கும். வாரா வாரம் அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ ஒரே மாணவரின் பக்கத்தில் உட்காருகிறோம். அவர் விரலை எப்படி மடக்குகிறார், எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், எந்த வாரம் பயிற்சி செய்யாமல் வந்திருக்கிறார் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். அவரும் நம்மைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். எந்தப் பாடலை வாசித்துக் காட்டும்போது நம் முகம் மலர்கிறது, எத்தனை முறை பென்சிலைத் தேடுகிறோம், ‘மெதுவா, மெதுவா’ என்று எப்போது சொல்லப் போகிறோம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆண்டு முடிவிலோ மேடை நிகழ்ச்சி முடிந்த பிறகோ அவர் கொண்டுவரும் சின்னப் பொட்டலத்துக்குள் இருப்பது பெரும்பாலும் அந்தக் கவனம்தான்.

மாணவர் வாசிப்பதை எவ்வளவு கூர்ந்து கேட்கிறோமோ, அவர் தரும் பரிசையும் அவ்வளவு கூர்ந்து பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தது நம் நன்றியில் தெரிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். வீட்டில் வகுப்பு எடுப்பவர்கள், இசைப் பள்ளியில் வேலை செய்பவர்கள் இருவருக்குமே இது பொருந்தும்.

படி 1: பரிசு வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்

எதை ஏற்பீர்கள், எதை ஏற்க மாட்டீர்கள் என்பதை அமைதியான ஒரு நாளில் யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. பெற்றோர் வாசலில் நின்று நீட்டும்போது முடிவெடுக்க முயன்றால் வாயில் வார்த்தை வராது. பள்ளியில் வேலை செய்பவர்கள் அங்குள்ள விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் பரிசின் மதிப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு.

சொந்தமாக வகுப்பு நடத்துபவர்கள், வகுப்பு விதிகளை எழுதித் தரும் தாளிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்: “பரிசு எதுவும் எதிர்பார்ப்பதில்லை. குழந்தை தானாகச் செய்த அட்டையோ, எழுதிய சிறு குறிப்போ எப்போதும் மகிழ்ச்சி தரும்.” இந்த ஒரு வரியால் வசதி குறைந்த குடும்பத்தின் சங்கடம் தீர்கிறது. பணத்தால் கணக்குத் தீர்க்க நினைப்பவர்களுக்கும் திசை காட்டியதுபோல் ஆகிறது.

படி 2: கையில் வாங்கும் அந்த நிமிடம்

சின்னக் குழந்தைகள் பரிசை வகுப்பு தொடங்கும்போதே கொடுத்துவிடுவார்கள். அதுவரை பொறுத்திருப்பதே அவர்களுக்குப் பெரிய காரியம். அப்போது, “சரி, அங்கே வை, முதலில் ஸ்கேல் வாசி” என்று சொல்லிவிடாதீர்கள். வகுப்பில் இரண்டு நிமிடம் போனால் போகட்டும். உட்கார்ந்து, குழந்தையின் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்து, “இப்பவே பிரிக்கட்டுமா, அப்புறம் பிரிக்கட்டுமா?” என்று கேளுங்கள். சில குழந்தைகளுக்கு நாம் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். சிலர் வெட்கத்தில் கதவோரம் ஓடிவிடுவார்கள். அவர்கள் போன பிறகுதான் பிரிக்க வேண்டும்.

அடுத்த மாணவர் வெளியே காத்திருந்தால் பரிசை அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஒன்றும் கொண்டுவராத பிள்ளை மேசை மேல் குவிந்திருக்கும் பொட்டலங்களைப் பார்த்தபடி வாசிக்க உட்காருவது நியாயமில்லை.

பதின்ம வயதுப் பிள்ளைகள் வேறு மாதிரி. உறையை நீட்டிவிட்டு, “இது சும்மாதான்” என்பார்கள். அந்த வயதில் பெரிய ஆரவாரம் செய்தால் கூச்சத்தில் ஒடுங்கிவிடுவார்கள். “வீட்டில் நிதானமா படிக்கிறேன்” என்று சொல்லிப் பத்திரமாக எடுத்து வைத்தால் போதும். ஆனால் கட்டாயம் படியுங்கள். அடுத்த வாரம் அதைப் பற்றி ஏதாவது சொல்வீர்களா என்று அவர்கள் காத்திருப்பார்கள்.

படி 3: பரிசைப் படியுங்கள்

மாணவர் தந்ததை நிதானமாகப் பார்க்க ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். இந்த வழிகாட்டியில் நான் அதிகம் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான்.

குழந்தை வரைந்த பியானோ படத்தை எடுத்துக்கொள்வோம். பியானோவில் மொத்தம் 88 கட்டைகள். வெள்ளை 52, கருப்பு 36. கருப்புக் கட்டைகள் எல்லா வெள்ளைக் கட்டைகளுக்கும் இடையே வருவதில்லை. இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டமாக வரும். ஸ்வரங்களை ஏ முதல் ஜி வரை ஆங்கில எழுத்துகளால் அழைக்கிறோமே, அதில் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவிலும், பி-க்கும் சி-க்கும் நடுவிலும் கருப்பே கிடையாது. வகுப்பில் சேர்ந்த புதிதில் குழந்தையைப் பியானோ வரையச் சொன்னால், வேலிக் கம்பி நட்டதுபோல் எல்லா இடைவெளியிலும் கருப்பைப் போட்டுவிடும். சில மாதம் கழித்து அதே குழந்தை கொண்டுவரும் வாழ்த்து அட்டையில் இரண்டும் மூன்றுமாகக் கட்டைகள் சரியாக விழுந்திருந்தால், அந்தப் படம் உங்களுக்கு எழுதப்பட்ட மதிப்பெண் பட்டியல். கண்ணை மூடிக்கொண்டே சி எங்கே என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தீர்களே, அது கைக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஐந்து கோட்டின் தொடக்கத்தில் போடும் கிளெஃப் குறிகளையும் பாருங்கள். ட்ரெபிள் கிளெஃபின் சுழி கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி வந்திருக்கிறதா? பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகள் நான்காவது கோட்டுக்கு மேலும் கீழுமாக உட்கார்ந்திருக்கின்றனவா? அலங்காரத்துக்காக வரைந்த அட்டையில்கூட அந்தப் புள்ளிகளைச் சரியான இடத்தில் வைத்திருந்தால், பாராட்டும்போது அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். தப்பாக இருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம். திருத்துவதற்கு வகுப்பு இருக்கிறது, பரிசைத் திருத்தக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த பரிசு, மாணவர் தானே எழுதிக் கொண்டுவரும் மெட்டு. ஐந்து கோடுகளும் அடிக்கோல் வைத்துப் போட்டிருக்கும், தலைப்பில் உங்கள் பெயர் இருக்கும். நான்கு எண்ணிக்கை வரவேண்டிய பாரில் (இரண்டு நெடுங்கோட்டுக்கு இடைப்பட்ட தாளக் கட்டத்தில்) ஐந்து வந்திருக்கலாம். ஸ்வரத்தின் தண்டு கீழே போகவேண்டிய இடத்தில் மேலே போயிருக்கலாம். எழுதியிருப்பதை எழுதியபடியே அவர் எதிரிலேயே வாசியுங்கள். ஐந்து எண்ணிக்கை என்றால் ஐந்து எண்ணிக்கையாகவே வாசியுங்கள். அப்புறம், “இந்தப் பாரில் மட்டும் ஒரு எண்ணிக்கை கூட இருக்கே, வேணும்னுதான் வெச்சியா?” என்று கேளுங்கள். “ஆமாம்” என்றால் அது அவருடைய உரிமை. “இல்லை, தப்பாப் போச்சு” என்றால் அவரே திருத்துவார். அவர் தந்த தாளில் உங்கள் சிவப்பு மை படவே கூடாது. குறிப்பு எழுத வேண்டுமானால் நகலெடுத்து அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடிதத்தைப் படிக்கும்போது, நீங்கள் எப்போதோ சொன்ன வாக்கியம் அதில் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். “தப்பு வந்தா நிக்காம போகணும்னு நீங்க சொன்னது பரீட்சையில் உதவிச்சு” என்று ஒரு வரி இருந்தால் அதன் கீழ் பென்சிலால் மெல்லக் கோடு போட்டு வையுங்கள். எந்தச் சொல் யார் மனதில் தங்கியது என்று நமக்குத் தெரியவரும் சந்தர்ப்பம் அபூர்வம்.

கடையில் வாங்கிய பரிசிலும் படிக்க விஷயம் இருக்கிறது. மென்மையான 2பி பென்சில் ஒரு பெட்டி கொண்டுவந்த மாணவர், நீங்கள் நோட்ஸில் (பாடல் அச்சிட்ட தாளில்) கடினமான பென்சிலால் எழுதித் தாள் கிழிவதைப் பார்த்திருக்கிறார். பெஞ்சுக்கு மெத்தை கொண்டுவந்தவர் உங்கள் முதுகு வலியைக் கவனித்திருக்கிறார். கோப்பையிலும் சாவிக்கொத்திலும் அவ்வளவு செய்தி இருக்காது. பரவாயில்லை, கடைக்குப் போனபோது உங்கள் நினைவு வந்திருக்கிறதே.

படி 4: நன்றி எழுதுங்கள்

வாயால் சொன்ன நன்றி போதும் என்று நினைக்க வேண்டாம். கையால் நான்கு வரி எழுதுங்கள், ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள். குழந்தை தந்த பரிசுக்குக் குழந்தையின் பெயரிலேயே எழுத வேண்டும். அம்மா அப்பாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அட்டை செய்ய ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்த பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது.

எழுதும்போது, என்ன தந்தார் என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அதில் நீங்கள் கவனித்த ஒன்றைச் சொல்லுங்கள். அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால், அவருடைய வாசிப்பில் இந்த ஆண்டு மாறிய ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தைக்கு:
“நீ வரைந்த பியானோ படம் என் மேசைக்கு எதிரே இருக்கிறது. கருப்புக் கட்டைகளை இரண்டு, மூன்று என்று சரியாகப் போட்டிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன்! வாசிக்கும்போதும் இப்போதெல்லாம் கையைப் பார்க்காமலே சி-யைத் தொட்டுவிடுகிறாய். ரொம்ப நன்றி கண்ணா.”

பதின்ம வயதினருக்கு:
“உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மெதுவான பாடல்கள் பிடிக்கவே பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்த நீ, இப்போது அதைத்தான் வீட்டில் முதலில் வாசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். போன மாதம் நீ பெடலை விடும் விதத்திலேயே அது தெரிந்தது. நன்றி.”

வேலைக்குப் போய்க்கொண்டே கற்கும் பெரியவருக்கு:
“நீங்கள் தந்த பென்சில்கள் எல்லா மாணவர்களின் நோட்ஸிலும் வேலை செய்கின்றன. வேலை முடிந்து களைப்போடு வந்தாலும் இடது கையைத் தனியாக வாசித்துப் பார்க்காமல் நீங்கள் எழுந்ததில்லை. உங்களுக்குக் கற்றுத்தருவது எனக்கு மகிழ்ச்சி.”

இப்படி எழுத, வகுப்பு நடக்கும்போதே சின்னச் சின்னக் குறிப்பு எடுக்கும் பழக்கம் வேண்டும். ஒவ்வொரு மாணவர் பெயரிலும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் செய்த நல்லதை ஒரு வரியில் தேதியோடு எழுதி வாருங்கள். ஆண்டு முடிவில் என்ன எழுதுவது என்று திணற வேண்டியிருக்காது.

படி 5: எங்கே வைப்பது

பியானோ மேல் வைக்கத்தான் முதலில் கை போகும். வைக்காதீர்கள்.

பூச்சாடி, செடித்தொட்டி, தண்ணீர்க் கோப்பை எதற்கும் அங்கே இடமில்லை. அப்ரைட் பியானோவின் (நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோவின்) மேல் மூடி முழுதாக அடைத்த பலகை இல்லை. விளிம்பு வழியாகக் கசியும் தண்ணீர் நேராக உள்ளே இறங்கி, சுத்தியலில் உள்ள ஃபெல்ட்டை ஊற வைக்கும். ட்யூனிங் ஆணிகளும் கம்பிகளும் துரு பிடிக்கும். மெழுகுவர்த்தி ஏற்றவே வேண்டாம்.

சட்டம் போட்ட படத்தாலும் சின்னப் பொம்மையாலும் வேறொரு தொல்லை உண்டு. கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் ஒலிப்பலகை அதிரும்போது பியானோவோடு சேர்ந்து மேலே இருக்கும் பொருளும் அதிரும். அந்தப் பொருளின் இயல்பான அதிர்வெண் எந்த ஸ்வரத்தோடு ஒத்துப்போகிறதோ, அந்த ஸ்வரத்துக்கு மட்டும் கிர்ரென்று சத்தம் வரும். ட்யூனரை வரவழைத்துப் பியானோவைப் பிரித்துப் பார்த்த பிறகு, குற்றவாளி மேலே இருந்த கண்ணாடிச் சட்டம்தான் என்று தெரிவது இந்தத் தொழிலில் பழகிய கதை. திடீரென்று ஒரே ஒரு கட்டை கிறுகிறுத்தால் முதலில் மேலே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள்.

ஆகவே தனியாக ஒரு அலமாரித் தட்டு போதும். படங்களுக்குச் சுவரில் ஒரு பலகை மாட்டி, அவ்வப்போது மாற்றிக்கொண்டிருங்கள். எல்லா மாணவரின் படத்துக்கும் முறை வர வேண்டும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம், ஸ்கெட்ச் பேனா நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும். செலோடேப் பழுத்துக் கறை விடும் என்பதால், அமிலமில்லாத தாள் உறையில் போட்டு ஃபைலில் வைப்பதே பாதுகாப்பு. வைக்கும் முன் ஸ்கேன் செய்துகொண்டு, பின்பக்கம் பென்சிலால் பெயர், தேதி, அப்போது கற்றுக்கொண்டிருந்த பாடல் மூன்றையும் எழுதிவிடுங்கள். பியானோவுக்கு ஏற்ற ஈரப்பதம் சுமார் 40 முதல் 50 சதவீதம். காகிதத்துக்கும் அது ஏறக்குறைய ஒத்துவரும் என்பதால், பியானோ இருக்கும் அறையிலேயே ஃபைலையும் வைக்கலாம்.

படி 6: இசையாகத் திருப்பித் தாருங்கள்

பரிசுக்குப் பதிலாகக் கடையில் ஒன்று வாங்கித் தரத் தேவையில்லை. பியானோ ஆசிரியரிடம் அதைவிட நல்லது இருக்கிறது, அதற்கு நீண்ட மரபும் உண்டு. இசையமைப்பாளர் பீத்தோவன் 1799-இல் தெரேஸ், ஜோசஃபின் என்ற பிரன்ஸ்விக் சகோதரிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்களுடைய நினைவுப் புத்தகத்தில் அவர் எழுதிக்கொடுத்தது, இருவர் ஒரே பியானோவில் சேர்ந்து வாசிக்கும் வேரியேஷன்கள், அதாவது ஒரே மெட்டைப் பல விதமாக மாற்றி எழுதியவை. இன்னொரு இசையமைப்பாளரான ராபர்ட் ஷூமன் 1848-இல் மூத்த மகள் மாரியின் 7-ஆவது பிறந்தநாளுக்காகச் சில குட்டிப் பாடல்களை எழுதினார். அதுதான் வளர்ந்து 43 பாடல்கள் கொண்ட ‘இளையோருக்கான ஆல்பம்’ ஆனது. இன்றும் உலகமெங்கும் நம் மாணவர்கள் வாசிப்பது அதைத்தான்.

நாம் அந்த அளவுக்கு எழுத வேண்டாம். மாணவரின் பெயரிலிருந்து நான்கு பார் மெட்டு செய்யலாம். முறை எளிது. பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கில அகரவரிசையை ஏழேழு எழுத்தாகப் பிரித்து வரிசை வரிசையாக ஒன்றன்கீழ் ஒன்று எழுதுங்கள். முதல் வரிசையில் ஏ முதல் ஜி வரை வரும், அவை ஸ்வரங்களின் பெயர்களேதான். கீழே வரும் ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் தலைக்கு மேல் முதல் வரிசையில் இருக்கும் ஸ்வரம் சொந்தம்.

மீனா என்ற பெயரைப் பார்ப்போம். எம், ஈ, ஈ, என், ஏ என்று ஐந்து எழுத்து. எம்முக்கு மேலே எஃப், என்னுக்கு மேலே ஜி. ஆகவே மெட்டு எஃப், ஈ, ஈ, ஜி, ஏ. ஈ முதல் ஏ வரை அடுத்தடுத்த நான்கு வெள்ளைக் கட்டைகளுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது, சின்னக் கை நகரவே வேண்டாம். இடது கைக்கு முதல் ஸ்வரத்தில் எஃப் மேஜர், நடுவில் உள்ள மூன்றுக்கும் சி மேஜர், கடைசியில் மறுபடி எஃப் மேஜர் வைத்தால் எல்லாமே கார்டுக்குள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுக்குள்) சரியாக உட்காருகிறது. தாளத்தை மட்டும் அந்தப் பிள்ளையின் சுபாவத்துக்கு ஏற்ப வையுங்கள். துறுதுறுவென்று இருக்கும் குழந்தைக்குக் குதித்தோடும் தாளம், அமைதியானவருக்கு நீண்ட ஸ்வரங்கள்.

பெயரை இப்படி மெட்டாக்குவது குழந்தை விளையாட்டு மட்டும் இல்லை. இசையமைப்பாளர் ஹைடன் மறைந்து 100 ஆண்டு ஆனதையொட்டி 1909-இல் டெபுஸ்ஸி, ரவேல் உட்படப் பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் சிலர், ஏறக்குறைய இதே முறையில் ஹைடனின் பெயரைக் கருவாக வைத்து ஆளுக்கொரு பியானோப் பாடல் எழுதினார்கள். பெரிய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரியும்.

எழுதுவது உங்களுக்கு வராது என்றால், நான்கு கை வாசிப்புக்கு எளிய பாடல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அந்த வாரம் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் சேர்ந்து வாசியுங்கள். அதைப் பதிவு செய்து அனுப்பிவையுங்கள்.

படி 7: பொட்டலம் கொண்டுவராத மாணவர்கள்

நன்றிக் குறிப்பைப் பரிசு தந்தவர்களுக்கு மட்டும் எழுதாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை எல்லா மாணவருக்கும் எழுதுங்கள். எதையும் சுற்றிக் கொண்டுவராத பிள்ளைகளும் நிறையத் தருகிறார்கள். சொல்லாமலேயே ஒரு பாடலை மனப்பாடம் செய்து வந்து, “நோட்ஸ் வேண்டாம் டீச்சர்” என்று புத்தகத்தை மூடி வைப்பார் ஒருவர். “இந்த இடத்தில் மட்டும் ஏன் சோகமா மாறுது?” என்று கேட்டு, நாம் பல ஆண்டாகக் கற்றுக்கொடுக்கும் பாடலை நம்மையே புதிதாகப் பார்க்க வைப்பார் இன்னொருவர். மேடையில் தடுமாறிய சின்னப் பிள்ளைக்கு முதலில் கைதட்டுவார் மற்றொருவர். அந்த நோட்டில் இதையெல்லாம் குறித்து வைத்தால், யாருக்கு எழுதுவதற்கும் விஷயம் இருக்கும். வருடம் முழுக்கப் பார்த்தும் ஒரு மாணவரைப் பற்றி எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அடுத்த வகுப்பில் அவரை இன்னும் உன்னிப்பாகக் கேட்க வேண்டும்.

படி 8: மறுக்க வேண்டி வந்தால்

விலை உயர்ந்த பொருள், பெரிய தொகை, தேர்வுக்கோ மேடை வாய்ப்புக்கோ சற்று முன்பு வரும் பரிசு ஆகியவற்றைத் திருப்பித் தருவதே நல்லது. குழந்தையின் எதிரில் மறுக்காதீர்கள். பெற்றோரிடம் தனியாக, “உங்கள் அன்பு புரிகிறது, ஆனால் எல்லா மாணவரிடமும் ஒரே மாதிரி இருக்க விரும்புகிறேன். அவள் கையால் ஒரு வரி எழுதித் தந்தால் எனக்கு அது போதும்” என்று சொல்லுங்கள். காரணத்தை நீட்டி விளக்க வேண்டாம்.

படி 9: விடைபெறும் மாணவர்

மேற்படிப்புக்காகவோ வேறு ஊருக்கோ போகும் மாணவர் கடைசி வகுப்பில் தரும் பரிசு கனமானது. அவருக்கு நீங்கள் தரக்கூடிய சிறந்த பொருள், அவருடைய முதல் ஆண்டு வாசிப்பின் பதிவும் கடைசி ஆண்டுப் பதிவும். எல்லா மாணவரையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பதிவு செய்து வைத்தால்தான் இது முடியும். இன்றே தொடங்குங்கள். கூடவே ஒரு கடிதம்: எந்தெந்தப் பாடல்களை அவர் முழுமையாகக் கற்றார், தனியாக அடுத்து எதை எடுக்கலாம், புதுப் பாடலை எந்தக் கையில் தொடங்கினால் அவருக்கு எளிதாக வரும் என்று விவரமாக எழுதுங்கள்.

நன்றி சில சமயம் மிகத் தாமதமாகவும் வரும். பின்னாளில் பெரிய பியானோக் கலைஞரான லிஸ்ட்டுக்குச் சிறுவனாக இருந்தபோது வியன்னாவில் கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுத்தவர் கார்ல் செர்னி. சுமார் 30 ஆண்டுகள் கழித்து, 1852-இல், தன் மிகக் கடினமான எட்யூட்களின் (பயிற்சிப் பாடல்களின்) இறுதி வடிவத்தை வெளியிட்ட லிஸ்ட், அதை அந்த ஆசிரியருக்கே சமர்ப்பித்தார். செர்னி அப்போது உயிரோடு இருந்தார்.

உங்களுக்கும் பழைய மாணவரிடமிருந்து என்றாவது ஒரு செய்தி வரும். அன்றே பதில் எழுதுங்கள். ஃபைலில் இருக்கும் அவருடைய பழைய படத்தின் ஸ்கேனை இணைத்து, “இப்போ என்ன வாசிக்கிறாய்?” என்று கேளுங்கள். வாசிப்பதை விட்டு ரொம்ப நாளாகிறது என்று சொன்னால் குறைபட்டுக்கொள்ள வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாத எளிய பாடல் ஒன்றின் நோட்ஸை, விரல் எண்களை நீங்களே பென்சிலால் குறித்து அனுப்பிவையுங்கள்.